இரண்டாவது முறை யாரைக் கூப்பிட்டீர்கள்?

"பங்குனி வெயிலில் எங்கேயாவது கூரை ஒழுகுமா, அம்மிணி?" என்று எதிர்வீட்டு ஆத்தா கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டு ஒழுகல் வேலை வழிக்கு வந்தது. அதற்குள் மூன்று மாதமும் இருபத்திரண்டாயிரம் ரூபாயும் போய்விட்டிருந்தன.

வீடு கோவையில், வடவள்ளிப் பக்கம். 2009இல் கட்டியது. மாடியில் ஒரு படுக்கையறை, அதை ஒட்டிக் குளியலறை, மீதி மொட்டைமாடி. குளியலறைக்கும் மொட்டைமாடிக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் எங்கள் சாப்பாட்டு மேஜை. போன மார்கழியில் ஒரு நாள் காலை, இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் கூரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புத் திட்டு. அதன் ஓரம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த சமயம் அது. கோவைக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த இரண்டு மாதத்தில்தான் கொட்டும். அதனால் மொட்டைமாடிதான் ஒழுகுகிறது என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம். ஹார்டுவேர் கடையில் போய், "மாடி ஒழுகுகிறது, ஆள் வேண்டும்" என்று சொன்னோம். கடைக்காரர் ஓர் ஆளைக் கொடுத்தார். ஆள் ஒரு டப்பாவின் பெயரைச் சொன்னார். டப்பா அதே கடையில் இருந்தது. இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. நோயின் பெயரையும் நாங்களே சொல்லி, மருந்துக் கடையிலேயே வைத்தியரையும் கேட்டால் வேறு என்ன நடக்கும்? மொட்டைமாடி முழுவதும் வெள்ளை வெளேரென்று பூச்சு அடித்துவிட்டு, கூலியும் சாமானும் சேர்த்துப் பதினெட்டாயிரம் வாங்கிக்கொண்டு போனார். கூரையின் அடியில் பட்டி பார்த்து வண்ணம் அடித்தது தனியாக நாலாயிரம்.

மாசி பிறந்ததும் புது வண்ணத்தின் மேலேயே திட்டு திரும்ப வந்தது. அவரைக் கூப்பிட்டோம். "நாளைக்கு வந்துவிடுகிறேனுங்க" என்றார். எங்கள் ஊர்ப் பேச்சில் இது ஒரு தொல்லை. வரமாட்டேன் என்பதைக்கூட 'ங்க' சேர்த்து மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள், கோபப்படவும் முடியாது. நாலு முறை 'ங்க' கேட்டோம். ஐந்தாவது முறை போனை எடுக்கவில்லை.

அடுத்து வந்தவர் உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் விலை சொன்னார்: எண்பத்தைந்தாயிரம். மாடிக் குளியலறையின் எல்லாக் குழாய்களையும், தரையையும், சுவர் ஓடுகளையும் மாற்ற வேண்டுமாம். ஏன் என்று கேட்டதற்கு, "பழைய வீடு இல்லைங்களா" என்றார். பதினைந்து சொச்சம் வயதான வீட்டைப் பழைய வீடு என்றால், எங்கள் அப்பாரு கட்டிய ஓட்டு வீட்டை என்னவென்று சொல்வது?

இந்த நிலையில்தான் ஆத்தா வந்தார். அரைக்கீரைக் கட்டைக் கொடுக்க வந்தவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பங்குனி வெயிலில் கூரை ஒழுகுமா என்ற அந்தக் கேள்வியைப் போட்டார். மழை பெய்து அறுபது நாள் தாண்டியிருந்தது. மூன்று பேர் வேலை பார்க்கிற வீட்டில், இதை நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆள் பிடிப்பதைப் பற்றியும் அவரிடம்தான் கேட்டேன். "நல்ல கொத்தனார் யாராவது தெரியுமா, ஆத்தா?" என்றேன். "அப்படிக் கேட்டால் எல்லோரும் அவரவர் பங்காளி பெயரைத்தான் சொல்வார்கள். இரண்டாவது தடவை யாரைக் கூப்பிட்டீர்கள் என்று கேள்" என்றார். பிறகு அவருடைய வீட்டு அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். உட்புறம் முழுக்கப் பென்சிலில் எண்கள். மோட்டார் காயில் கட்டுகிறவர், கிரைண்டர் கல் கொத்துகிறவர், தென்னைமரம் ஏறுகிறவர், செப்டிக் டேங்க் வண்டி, கொசுவலை அடிக்கிறவர். சில எண்களின் மேல் குறுக்கே கோடு. சிலவற்றின் பக்கத்தில் ஒரு டிக், சிலவற்றுக்கு இரண்டு. வேலை செய்தால் ஒரு டிக். கெட்டுப்போனதென்று திரும்பக் கூப்பிட்டபோதும் வந்தால் இரண்டாவது. பெயர்கள் இல்லை, 'கருப்பு மொபெட்', 'திக்குவாய், கை சுத்தம்' என்று அடையாளங்கள் மட்டும். கொத்தனார் வரிசையில் மூன்று எண்கள் இருந்தன. மூன்றிலும் கோடு.

அந்த வாரம் எங்கள் வீதியில் ஏழு வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். நாலு வீடுகளில் யோசித்துவிட்டு, இரண்டாவது முறை யாரையும் கூப்பிட்டதில்லை, ஒவ்வொரு தடவையும் புது ஆள்தான் என்றார்கள். இரண்டு வீடுகள் ஒரே பிளம்பரைச் சொல்லின. அவரிடம் போய்க் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டேன்: "நீங்கள் உடைத்த தரையை யார் வந்து ஒட்டினால் உங்களுக்குத் தலைவலி இல்லை?" பிளம்பர் சிரித்தார். ஒரு கொத்தனாரின் எண்ணைத் தயங்காமல் கொடுத்தார். இது எனக்கு நல்ல பாடம். கொத்தனாரைப் பற்றிப் பிளம்பருக்குத் தெரிகிற அளவு வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஒருவர் செய்த கோளாறைத் தினமும் உடைத்துப் பார்ப்பவர் அடுத்தவர்தானே.

பிளம்பர் சொன்ன அந்தக் கொத்தனார் மேஸ்திரி, பேரூர்ப் பக்கத்துக்காரர். அறுபதை நெருங்குகிற வயது. முதல் நாள் கையில் ஒரு டார்ச்சும் ஆணியும் தவிர ஒன்றும் கொண்டு வரவில்லை. மாடிக் குளியலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தரை ஓடுகளின் இடுக்கை ஆணியால் ஒரு கோடு கீறினார். இடுக்கில் இருக்க வேண்டிய சிமெண்ட், மாவாக ஆணியோடு வந்தது. கழிவு நீர் இறங்கும் ஜாலிக்குப் பக்கத்தில் ஆணி அரை அங்குலம் தடையில்லாமல் உள்ளே போனது.

"ஆசிட் ஊற்றுவீர்களா, அம்மிணி?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கோவை வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. சிறுவாணி அணையோ பில்லூர் அணையோ தருகிற நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, தருகிற உப்புத் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும். உப்புத் தண்ணீர் காய்ந்தால் தரையில் வெள்ளைக் கறை. அந்தக் கறைக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். பளிச்சென்று போனது. கறையோடு சேர்த்து ஓட்டின் இடுக்கில் இருந்த சிமெண்டையும் அது தின்றுகொண்டிருந்தது. ஆசிட்டுக்குக் கறையில் இருக்கிற சுண்ணாம்பு வேறு, சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பு வேறு என்று தெரியாது. எங்கள் வீதியில் முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் மேஸ்திரி உடனே உடைக்கவில்லை. "ஆசிட்டாகவும் இருக்கலாம், குழாயாகவும் இருக்கலாம். பார்த்துவிடலாம்" என்றார். அவர் சொன்ன கணக்கு எளிமையானது. தண்ணீர் வருகிற குழாய் ஒழுகினால், யாரும் குளிக்காவிட்டாலும் இரவும் பகலும் சொட்டும். தண்ணீர் போகிற வழி ஒழுகினால், குளித்த பிறகுதான் கூடும்.

எனவே பத்து நாள் மாடிக் குளியலறையைப் பூட்டினோம். சாப்பாட்டு மேஜை மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் நான். பையன் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, ஈரத் திட்டின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து தேதி போட்டேன். முதல் மூன்று நாள் ஒரு மாற்றமும் இல்லை. தரை ஓட்டுக்கு அடியில் நிரப்பிய செங்கல் துண்டுகள் குடித்து வைத்த தண்ணீர் அது, மெதுவாகத்தான் இறங்கும் என்றார் மேஸ்திரி. ஆறாம் நாள் சொட்டு நின்றது. பத்தாம் நாள் திட்டு கோட்டுக்கு இரண்டு விரல் உள்ளே சுருங்கியிருந்தது. வருகிற குழாய்களில் அத்தனை நாளும் தண்ணீர் இருந்தது. ஆகவே அவை குற்றமற்றவை. எண்பத்தைந்தாயிரத்தில் பாதி அங்கேயே மிச்சம்.

நடுவில் நானும் ஒரு சோதனை செய்தேன். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு வந்த, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை, சொட்டு பிடித்து வைத்த கிண்ணத்தில் விட்டேன். 1,900 காட்டியது. போர்க் குழாயில் 1,640. அப்படியானால் இது போர்த் தண்ணீர்தான் என்று மேஸ்திரியிடம் பெருமையாகச் சொன்னேன். "மழைத் தண்ணீர் இறங்கினாலும் இப்படித்தான் காட்டுமுங்க. சிமெண்ட் வழியாக வருகிற தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதானே வரும்" என்றார். கூரையில் பூத்த வெள்ளையும் அதுதான். கரைந்து வந்த சுண்ணாம்பு காற்றுப் பட்டதும் மறுபடி கல்லாகிறது. மீட்டரை டப்பாவில் போட்டு மூடினேன்.

அடுத்தது நீலச் சோதனை. முதலில் ஒரு டியூபைக் கழிவுநீர்த் துவாரத்துக்குள் நேராக விட்டுப் பத்து வாளித் தண்ணீர் ஊற்றினோம். தரையில் ஒரு சொட்டும் படவில்லை. இரண்டு நாள் காத்தோம். பென்சில் கோடு அசையவில்லை. பிறகு துவாரத்தைப் பாலிதீனும் துணியும் வைத்து அடைத்து, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தினோம். மறுநாள் மதியம் கீழே கூரை கறுத்தது. கோட்டைத் தாண்டி ஈரம் பரவியது. சொட்டில் நீலம் இல்லை, எனக்கு ஏமாற்றம். மேஸ்திரி கவலைப்படவில்லை. "நீலம் மேலேயே தங்கியிருக்கும். உடைக்கும்போது பாருங்கள்" என்றார்.

விலையை அப்போதும் சொல்லவில்லை. உடைத்துப் பார்க்காமல் சொல்கிற விலை பொய்யாகத்தான் இருக்கும், முதல் இரண்டு நாள் கூலி மட்டும் கொடுங்கள், பார்த்துவிட்டு மீதியை எழுதித் தருகிறேன் என்றார். முதல் இரண்டு ஆட்களோடு இவரை ஒப்பிட எனக்கு இது ஒன்றே போதும்.

உடைத்தது சித்திரைக் கனிக்கு மறு வாரம். ஜாலியைச் சுற்றியிருந்த முதல் ஓட்டை நெம்பித் தூக்கியபோது நானும் பக்கத்தில் குந்தியிருந்தேன். அடியில் இருந்த மணல் நீலம். மை கொட்டிய மாதிரி, துவாரத்தின் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம். அங்கிருந்து இடுக்குகளின் வழியே கட்டம் கட்டமாகக் கோடுகள். இடுக்கு எங்கெல்லாம் திறந்திருந்ததோ அங்கெல்லாம் நீலம் இறங்கியிருந்தது. என் ஞாயிற்றுக்கிழமைகளின் வரைபடம் அது. சித்தாள் அக்கா, "கோலம் போட்டது மாதிரி இருக்குதுங்க" என்றார்.

ஏழுக்கு ஐந்தடித் தரை. அடியில் ஒன்பது அங்குல ஆழத்துக்கு நிரப்பியிருந்த செங்கல் துண்டுகள் பிழிந்தால் சொட்டுகிற நிலையில் இருந்தன. இருபத்தாறு சாக்கு அள்ளினார்கள். அடியில் கிடந்த 75 மில்லிமீட்டர் கழிவுக் குழாயை மேஸ்திரி ஈரத்துணியால் துடைத்து, மேலே அச்சடித்திருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார். ஐ.எஸ். 13592, டைப் ஏ. அந்தத் தர அளவின்படி ஏ வகை மழைநீருக்கும் காற்றுப் போக்கிக்கும்; கழிவுநீருக்குப் பி வகை. 75 மில்லிமீட்டர் குழாயில் ஏ வகையின் சுவர் கனம் 1.8 மில்லிமீட்டரில் தொடங்கும், பி வகை 3.2இல். வீடு கட்டியவர் எங்கே மிச்சம் பிடித்தார் என்பது அத்தனை வருடம் கழித்துத் தெரிந்தது. குழாய் இன்னும் உடையவில்லை. ஆனாலும் திறந்தது திறந்தாயிற்று என்று பிளம்பரைக் கூப்பிட்டு, அந்த ஆறடியையும் பி வகையாக மாற்றினோம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், மூடுவதற்கு முன்பு குழாயின் எழுத்தைப் படித்துவிடுங்கள்.

தளத்தை ஐந்து நாள் காய விட்டோம். சித்திரை வெயில் உதவியது. பிறகு தரையும் சுவரும் சேர்கிற மூலையை எல்லாம் வளைத்துப் பூசி, நீர் புகாப் பூச்சு இரண்டு கை: முதல் கை கிழக்கு மேற்காக, காய்ந்த பிறகு இரண்டாவது கை வடக்கு தெற்காக. சுவரில் ஓர் அடி உயரம் வரை ஏற்றினார்; ஷவர் இருக்கிற பக்கம் நாலடி.

நாற்பத்தெட்டு மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்த விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுவரில் சாக்பீஸால் மட்டத்தைக் கோடு போட்டார். கூடவே ஒரு பிளாஸ்டிக் பேசினில் அதே உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதையும் அந்தத் தண்ணீருக்குள்ளேயே வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "இந்த வெயிலுக்கு எப்படியும் கொஞ்சம் ஆவியாகும். பேசினில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுதான் வெளியேயும் குறைய வேண்டும். கூடக் குறைந்தால் ஒழுகல்." இரண்டாம் நாள் மாலை அளவுகோலை வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே அளவு குறைவு. எந்த டப்பாவிலும் இந்த உபாயம் எழுதியிருக்காது.

திரும்ப நிரப்பும்போது இன்னொன்றும் செய்தார். பள்ளத்தின் அடிமட்டத்தில், வெளிச்சுவர் வழியாக அரை அங்குலக் குழாய் ஒன்றை நீட்டி விட்டார். இனி எப்போதாவது மேலே ஒழுகினால், தண்ணீர் கூரைக்கு இறங்காமல் அந்தக் குழாயில் வெளியே சொட்டும். வீட்டுக்காரருக்கும் செய்தி வரும். குழாயின் வாய் எங்கள் கறிவேப்பிலை மரத்துக்கு மேலே நிற்கிறது. தரை வாட்டம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம். ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகும் திருப்தி இல்லாமல், பையனின் கோலிக்குண்டை நாலு மூலையிலிருந்தும் உருட்டி விட்டார். நாலும் ஜாலிக்கு வந்து நின்றன. ஓட்டு இடுக்குகளுக்கு இந்த முறை எபாக்ஸி என்ற பிசின். விலை கூடுதல்தான். ஆனால் சிமெண்ட் மாதிரி ஆசிட்டுக்குக் கரைவதில்லை.

மொத்தம் முப்பத்தையாயிரத்து எழுநூறு. அதில் கொத்தனார், சித்தாள் கூலி மட்டும் பதினாறாயிரத்து இருநூறு, ஒன்பது நாளுக்கு. பூச்சுச் சாமான் ஐயாயிரத்துச் சொச்சம். மீதி ஓடு, சிமெண்ட், மணல், எபாக்ஸி, பிளம்பர், இடிபாடு அள்ளிய வண்டி.

வேலை நடந்த நாட்களில் சித்தாள் அக்காவோடு பேச்சு வளர்ந்தது. பதினோரு வருடமாக மண் சுமக்கிறார். மகள் பிளஸ் டூ. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். யாரோ ஒருவர் பதிந்து தருகிறேன் என்று ஐந்நூறு வாங்கிப்போனாராம்; அட்டை வரவில்லையாம். தமிழ்நாட்டில் அந்த வாரியம் 1994 முதல் இருக்கிறது. பதிந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு, அறுபது வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கறை போன கூரைக்குக் கீழே அதே மேஜையில் உட்கார்ந்து இருவரும் இணையத்தில் விண்ணப்பித்தோம். வேலைச் சான்றுக்கு வேண்டியதை மேஸ்திரி பார்த்துக்கொண்டார். ஆடி மாதம் அட்டை வந்துவிட்டதென்று அக்கா போன் செய்தார்.

ஆசிட் பாட்டிலில் பாதி மீதி இருந்தது. வாசற்படிக்கு ஆகும் என்று அத்தை எடுத்து வைத்தார். நான் எதுவும் சொல்லவில்லை. மாடிக் குளியலறையில் இப்போது ரப்பர் வைப்பர் ஒன்று தொங்குகிறது. குளித்தவர் தரையை இழுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். உப்புத் தண்ணீர் தேங்கிக் காயாவிட்டால் கறையே கிடையாது. இந்தச் சட்டத்தை என் வீட்டுக்காரர் வாரத்தில் நாலு நாள் மதிக்கிறார்.

ஐப்பசி இரண்டாம் வாரம் விடிய விடிய மழை. காலையில் காபித் தம்ளரோடு பின்பக்கம் போனவள், கறிவேப்பிலை மரத்துக்கு மேலே பார்த்தேன். குழாயின் வாயில் ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. வயிறு கலங்கிவிட்டது. உடனே மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "நாளைக்கு" என்ற சொல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "மழை கொஞ்சம் விடட்டுமுங்க" என்று மட்டும் சொன்னார்.

பத்தரை மணிக்கு மொபெட் சத்தம். ஏணி வைத்து ஏறினார். குழாய்க்குள் விரலை விட்டார், பழைய துணியைச் சுருட்டி நுழைத்து எடுத்தார். துணி உலர்ந்திருந்தது. வெளிச்சுவரில் வழிந்த மழைத் தண்ணீர் குழாயின் மேல்புறமாக ஓடி வந்து வாயில் சொட்டியிருக்கிறது, அவ்வளவுதான். குழாய் சுவரை விட்டு வெளியே வருகிற இடத்துக்கு மேலே, கரணையால் சிமெண்டை அப்பி விரல் பருமனுக்கு ஒரு புருவம் மாதிரி வைத்தார். சுவரில் வழிகிற தண்ணீர் இனி குழாயில் ஏறாமல் விலகி விழும். அரை மணி வேலை. பணம் வாங்க மாட்டேன் என்றார். சர்க்கரையில்லாக் காபி மட்டும் குடித்தார்.

அவர் ஏணியைச் சாய்த்து வைக்கும்போதே எதிர்வீட்டு வாசலில் ஆத்தா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கீரைப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அலமாரிக் கதவைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கொத்தனார் வரிசையின் நாலாவது எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்தார். சித்திரையில் போட்ட டிக் ஒன்று ஏற்கெனவே இருந்தது.

"வந்தானா?" என்றார்.

"வந்தார், ஆத்தா."

இரண்டாவதையும் போட்டார்.